டோக்கன் நம்பரும் ஏரிக் கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசுங்க சார், பசங்களுக்குப் பயன்படற மாதிரி இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். "தலைப்பு என்ன சார் போடட்டும்?" என்று கேட்டார். "களத்தில் தகவல் திரட்டும் கருவியை உறவுமுறைத் தரவுத்தளத்தோடு இணைப்பது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி வைக்கலாமா, பின்னாடி வைக்கலாமா சார்?" என்றார்.

பயப்பட வேண்டாம். நம்ம ஊரை விட்டு வெளியே போகாமலே இதைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை தீபத்தன்று செருப்பு விடும் கடையைப் பார்த்திருப்பீர்கள். மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். முக்கால்வாசி கறுப்புச் செருப்பு. அந்தக் கடைக்காரர் உங்கள் பெயரைக் கேட்பதில்லை. கேட்டால் அவ்வளவுதான். நம்ம ஊரில் அண்ணாமலை எத்தனை பேர், அருணாசலம் எத்தனை பேர்! ஒரு தகட்டு டோக்கனைக் கையில் கொடுத்து, அதே நம்பரைச் செருப்பில் மாட்டிவிடுகிறார். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துக் கால் வலியோடு வருகிறவர், டோக்கனை நீட்டினால் அவர் செருப்பு அவருக்கு.

தரவுத்தளத்தில் 'ப்ரைமரி கீ', முதன்மைச் சாவி என்று நாங்கள் பெரிதாகச் சொல்வது இந்த டோக்கனைத்தான். ஒரு பொருளுக்கு ஒரு நம்பர். ஒரு நம்பருக்கு ஒரு பொருள். இந்த ஒன்றில் நான் செய்த தவற்றால் ஓர் ஊர் இரண்டு வருஷம் தண்ணீரை இழந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் படித்த காலத்தில் சர்வே என்றால் அச்சடித்த படிவம், அட்டை, பேனா. வீடு வீடாகப் போய் எழுதி, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, யாரையாவது உட்காரவைத்து டைப் அடிக்க வேண்டும். இப்போது அந்தப் படிவம் கைபேசிக்குள் வந்துவிட்டது. 'ஓப்பன் டேட்டா கிட்', சுருக்கமாக ஓ.டி.கே. என்று ஓர் இலவச மென்பொருள். 2008-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட்டானோ போரியெல்லோ என்ற பேராசிரியர் தொடங்கி வைத்தது. எக்செல் தாளில் ஒரு வரிக்கு ஒரு கேள்வி என்று எழுதினால் அதுவே கைபேசிப் படிவமாகிவிடும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஜவ்வாது மலையில் போய்ப் பதிவு செய்து, கீழே இறங்கி வந்த பிறகு அனுப்பலாம். படம் எடுக்கலாம், நிற்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்தே பதிவாகும்.

இது ஒரு கரை. மறு கரையில் இருப்பது உறவுமுறைத் தரவுத்தளம். இதற்கு மூலபுருஷர் எட்கர் காட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். ஐ.பி.எம். கம்பெனியில் இருந்தபோது 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல் எல்லாம் அட்டவணைகளாக இருக்கட்டும்; ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவு, அவற்றில் எழுதியிருக்கும் மதிப்பாலேயே தெரியட்டும்; எந்த மூலையில் எது கிடக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியவேண்டியதில்லை என்பது அதன் சாரம். 1981-இல் அவருக்கு டூரிங் விருது கொடுத்தார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். அவரிடம் 'அ' பதிவேடு இருக்கும். அது சர்வே எண் வரிசையில். சிட்டா இருக்கும், அது பட்டா எண் வரிசையில். அடங்கல் இருக்கும், அதில் பசலிக்குப் பசலி எந்த நிலத்தில் என்ன பயிர் என்று. ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் மறுபடி முழுசாக எழுதமாட்டார். சர்வே எண்ணைப் பிடித்தால் பட்டா எண், பட்டா எண்ணைப் பிடித்தால் ஆள். இன்னொன்றும் உண்டு. சர்வே எண் 45/2 என்றால் போதாது. ஊருக்கு ஊர் ஒரு 45/2 இருக்கும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு நிலம். கூட்டுச் சாவி என்று புத்தகத்தில் படிக்கிறீர்களே, அது இதுதான். 1980-இல் அந்தப் பதவிகளை அரசு எடுத்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் பதிவேடுகளின் அமைப்பு அப்படியே நின்றது.

இவ்வளவு தெரிந்த நான்தான் தப்புப் பண்ணினேன்.

2019 கோடை. கடும் வறட்சி. நம் மாவட்டத்தில் ஏரிகளைக் கணக்கெடுத்து, எதற்கு மதகு உடைந்திருக்கிறது, எதற்கு வரத்துக் கால்வாய் அடைந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுத் தந்தால், சிலவற்றைச் சரிசெய்து தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் சொன்னது. நம் மாணவர்கள் கைபேசியோடு புறப்பட்டார்கள். நான் சென்னையில் வேலையில் இருந்தேன். "அண்ணே, கம்ப்யூட்டர் பக்கம் நீங்க பாத்துக்குங்க" என்றார்கள். ஓ.டி.கே. படிவத்தை அமைத்தேன். சர்வரில் வந்து சேர்ந்ததை இறக்கி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். போஸ்ட்கிரெஸ் என்பது 1986-இல் பெர்க்லியில் தொடங்கியது; இன்றும் காசு கொடுக்காமல் கிடைக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு டம்ளர் காபியில் வேலை முடிந்தது.

ஏற்றிப் பார்த்தால் ஒரே ஏரி இரண்டு முறை, மூன்று முறை வந்திருக்கிறது. காரணம் புரிந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் பையன் 'அனுப்பு' பொத்தானை அழுத்தியிருப்பான். போனதா போகலையா என்று தெரியாமல், எதுக்கு வம்பு என்று முதலிலிருந்து இன்னொரு படிவம் நிரப்பி அனுப்பியிருப்பான்.

நான் என்ன செய்தேன்? நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஊராட்சி, ஒரே ஏரிப் பெயர் என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு. பட்டியல் சுத்தமாகிவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், நான் பதினாலு ஏரி போட்டேன். என் நோட்டுல இருக்கு. உங்க லிஸ்ட்ல பதிமூணுதான் வருது." நான் சொன்னேன்: "ரெண்டு தரம் அனுப்பியிருப்பம்மா, அதைத்தான் எடுத்துட்டேன்." "இல்ல சார், ரெண்டும் வேற வேற." "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்க்கவில்லை.

அந்த வருஷம் தை மாதம் நான் ஊருக்கு வந்திருந்தேன். பெரியவர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் பட்டியலின் ஜெராக்ஸ். "தம்பி, எங்க ஊரு பெரிய ஏரிய காணோமே" என்றார்.

கிணறு காணாமல் போச்சு என்று வடிவேலு போலீஸில் புகார் கொடுத்த காட்சி உங்களுக்கு நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. சிரிப்பு வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரியவர் சிரிக்கவில்லை.

அவர் ஊராட்சியில் இரண்டு குக்கிராமம். இரண்டுக்கும் ஒவ்வொரு ஏரி. இரண்டுக்கும் பெயர் 'பெரிய ஏரி'. நம் பக்கத்தில் பாதி ஊரில் ஒரு பெரிய ஏரி, ஒரு சித்தேரி இருக்கும். வேறு பெயரே வைக்கமாட்டார்கள். என் ஒரு வரி நிரல் இரண்டு பெரிய ஏரியையும் ஒன்றாக நினைத்து ஒன்றைத் தூக்கிவிட்டது. மிஞ்சிய ஏரியில் குறை ஒன்றும் இல்லை. தூக்கி எறியப்பட்ட ஏரியில்தான் மதகு உடைந்திருந்தது. பட்டியலில் இல்லாததால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மழை பெய்தது, தண்ணீர் வந்தது, உடைந்த மதகு வழியாகவே ஒழுகிப் போனது. "கோடி போற அளவுக்கு வந்த தண்ணி தம்பி. நவரைக்கு நாத்து விட முடியல. கடைமடைக்காரன் எல்லாம் கூலிக்குப் போறான்" என்றார்.

அடுத்த கோடையில் சரிசெய்யலாம் என்றால் 2020-இல் கொரோனா வந்துவிட்டது. 2021 ஆடியில்தான் அந்த மதகு மாறியது. என் ஒரு வரிக்கு விலை இரண்டு போகம். அது என் நிலம் இல்லை, அவர்கள் நிலம்.

மாணவர்களே, இனி நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு வராது, வேலைக்கு வரும்.

முதலாவது. படிவத்துக்கு ஒரு டோக்கன், பொருளுக்கு ஒரு டோக்கன். இரண்டும் வேறு. ஓ.டி.கே. ஒவ்வொரு நிரப்பிய படிவத்துக்கும் தானாகவே ஒரு நீளமான அடையாள எண்ணைக் கொடுக்கிறது. உலகத்தில் இன்னொரு படிவத்துக்கு அது வராது. அதை முதன்மைச் சாவியாக வைத்தால், நீங்கள் நிரலை ஒரு தரம் ஓட்டினாலும் பத்துத் தரம் ஓட்டினாலும் அதே படிவம் இரண்டாம் முறை ஏறாது. போஸ்ட்கிரெஸில் 2016-இல் வந்த 9.5 பதிப்பு முதல் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஏற்கெனவே இருந்தால் சும்மா இரு என்று அர்த்தம். ஆனால் ஒருவர் புதிதாக இன்னொரு படிவம் நிரப்பினால் அதற்கு வேறு எண் வந்துவிடும். அங்கே படிவத்தின் டோக்கன் உதவாது. ஏரியின் டோக்கன்தான் உதவும். நான் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினேன்.

இரண்டாவது. ஏரிக்கு டோக்கன் களத்துக்குப் போகும் முன்பே கொடுக்க வேண்டும். பெயரை டைப் அடிக்க விடக்கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு கொடுத்திருக்கிறது. அதோடு ஒரு வரிசை எண் சேர்த்தால் ஏரியின் எண். அந்தப் பட்டியலைப் படிவத்துக்குள்ளேயே ஏற்றிவிட்டால், மாணவர் தேர்ந்தெடுக்க மட்டும் செய்வார். பட்டியலில் இல்லாத ஏரி என்றால் 'புதியது' என்று வரட்டும். அதை மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும்.

மூன்றாவது. ஒரு ஏரிக்கு மூன்று மதகு இருந்தால் 'மதகு 1, மதகு 2, மதகு 3' என்று பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போடாதீர்கள். நாலாவது மதகு உள்ள ஏரி வந்தே தீரும். படிவத்தில் திரும்பத் திரும்ப வரும் பகுதியாக வையுங்கள். தரவுத்தளத்தில் மதகுக்குத் தனி அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் அது எந்தப் படிவத்திலிருந்து வந்தது என்ற எண். இதை அயல் சாவி என்கிறோம். தாய் இல்லாத பிள்ளையைத் தரவுத்தளமே ஏற்காது. 'பொருந்துவது எல்லாவற்றையும் குறிக்கவும்' என்ற கேள்விக்கும் இதே வைத்தியம்தான். ஓ.டி.கே. அந்த விடைகளை இடைவெளி விட்டு ஒரே வரியாக எழுதித் தரும்; அதைப் பிரித்துத் தனி அட்டவணையில் போடாவிட்டால், 'கரை உடைந்த ஏரிகள் எத்தனை' என்ற எளிய கேள்விக்கே திணறுவீர்கள்.

நான்காவது. வட்டம், மாவட்டம் இவற்றை ஏரியோடு எழுதாதீர்கள். கிராம அட்டவணையில் ஒரே இடத்தில் எழுதுங்கள். நம் மாவட்டமே 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. கீழ்பென்னாத்தூர் நம் வட்டத்தில் இருந்தது. பிற்பாடு தனி வட்டம் ஆனது. ஏரி நகரவில்லை, காகிதம்தான் நகர்ந்தது. ஒரே இடத்தில் எழுதியிருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

ஐந்தாவது. பூஜ்யமும் வெறுமையும் ஒன்றல்ல. 'தண்ணீர் ஆழம் 0' என்றால் ஏரி வறண்டிருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் பார்க்கவில்லை என்று அர்த்தம். காலியை எல்லாம் பூஜ்யம் ஆக்கினால் பார்க்காத ஏரி எல்லாம் வறண்ட ஏரி ஆகிவிடும்.

ஆறாவது. வந்ததை வந்தபடி ஓர் அட்டவணையில் வையுங்கள், அதைத் தொடாதீர்கள். திருத்துவது, சேர்ப்பது, பிரிப்பது எல்லாம் அதிலிருந்து எடுத்துப் போட்ட இன்னொரு அட்டவணையில். இரண்டு வரி ஒன்றுபோல் தெரிந்தால் அழிக்காதீர்கள், குறிபோட்டு வையுங்கள். எங்கள் பெரிய ஏரி கடைசியில் எப்படித் திரும்பக் கிடைத்தது? சர்வரில் மூலப் பதிவு அழியாமல் இருந்தது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் எடுத்துப் பார்த்தால் இரண்டு ஏரிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம். சான்று முதல் நாளிலிருந்தே என் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. நாடு முழுக்க நீர்நிலைகளின் முதல் கணக்கெடுப்பு அறிக்கை 2023-இல் வெளிவந்தது. மொத்தம் 24,24,540 நீர்நிலைகள். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 1,06,957. ஒவ்வொன்றுக்கும் இருக்குமிடத்தின் ரேகைக் குறிப்பும் படமும் எடுக்கச் சொன்னார்கள். லட்சக்கணக்கான குளம், ஏரிகளில் எத்தனை 'பெரிய ஏரி' இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

மனிதர் விஷயத்தில் இது இன்னும் பெரிசு. தமிழ்நாட்டில் கர்ப்பிணித் தாய் 'பிக்மி' திட்டத்தில் பதிந்தால் 12 இலக்க எண் தருகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் 2017 முதல் அந்த எண் வேண்டும். தாய் பரிசோதனைக்குப் போன இடம் ஒன்று, பிரசவம் ஆன இடம் ஒன்று, பதிவு செய்யும் இடம் ஒன்று. மூன்றையும் கட்டும் கயிறு அந்த எண்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை போகிறது. ஒரு தெருவில் இரண்டு உண்ணாமலை அம்மாள் இருந்து, யாரோ என்னைப் போல ஒரு சாயங்காலம் 'சுத்தம்' செய்தால் என்ன ஆகும்? ஒரு பாட்டிக்கு மாத்திரை வராது. அவருக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து கேட்கவும் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். கருவியைத் தரவுத்தளத்தோடு இணைப்பது என்றால் இரண்டு மிஷினுக்கு நடுவே வயர் இழுப்பது என்று நினைக்காதீர்கள். வயர் வேலை அரை நாள் வேலை. அந்தப் பக்கம் நிற்கிற ஏரி, இந்தப் பக்கம் ஒரு வரியாக வந்து சேர்ந்ததா, ஒன்றுக்கு ஒன்று சரியாக இருக்கிறதா என்று பொறுப்பேற்பதுதான் இணைப்பது.

அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. எண்ணிப் பார்ப்பது. களத்தில் எத்தனை, சர்வரில் எத்தனை, தரவுத்தளத்தில் எத்தனை. மூன்றும் ஒத்துப் போகவில்லை என்றால் ராத்திரி தூங்கக்கூடாது. அந்த மாணவி நோட்டில் பதினாலு என்று எழுதி வைத்தாள். பட்டியலில் பதிமூன்று என்று எண்ணிப் பார்த்தாள். முப்பது வருஷ அனுபவம் உள்ள நான் எண்ணவில்லை. அன்று என் குழுவில் உண்மையான கம்ப்யூட்டர் நிபுணர் அவள்தான். பிறகு அவளைத் தேடிப்பிடித்து, "நீ சொன்னதுதான் சரிம்மா, தப்பு என்னோடது" என்று சொன்னேன். "பரவால்ல சார், இப்பவாவது ஏரி கெடச்சுதே" என்றாள்.

போன வருஷம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். புது மதகின் பக்கவாட்டில் பெயின்டில் ஏரியின் எண் எழுதியிருந்தார்கள். பெரியவர் கூட்டிப்போய்க் காட்டினார். "பேரை விட இதுதானே முக்கியம்னு சொன்னீங்க, அதான் எழுதிட்டோம்" என்றார். அது கரைமேல் நின்று நான் வாங்கிய பட்டம். இந்தக் கல்லூரியில் வாங்கிய பட்டத்துக்கு அடுத்து அதைத்தான் வைத்திருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, ஒரு வரியை அழிக்கும் முன்னால் அந்த வரிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். களத்திலிருந்து வருகிறவர் "வேற வேற சார்" என்று சொன்னால், கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. பந்தியில் டோக்கன் கொடுத்திருக்கிறார்கள், தொலைத்துவிடாதீர்கள்.